சாமி வரிசைக் காப்பி

"அப்போ, தனிக்குடித்தனம் போன மருமக மாதிரியா?"

"கிட்டத்தட்ட அப்படித்தானுங்க."

"மாமியா ஊட்டுல இருந்தவரைக்கும் கல்லும் மண்ணுமாப் பொங்கிப் போட்டாலும் வாயத் தொறக்காமத் தின்னுச்சு. தனியா அடுப்புப் பத்த வெச்ச மறுநாளே, அரிசியில கல்லு கெடக்குதுன்னு கடைக்காரன் சட்டையப் புடிக்குது. அதுதானே?"

"அரிசியில கல்லு இல்லீங்க தலைவரே. காப்பிக் கொட்டையில மருந்து."

"ரெண்டும் ஒண்ணுதான் கண்ணு. மேல படி."

நான் மேலே படித்தேன். கையில் இருந்தது வெளிநாட்டுக் கடிதம். கேட்டுக்கொண்டிருந்தவர் வெங்கடாசலம், தலைச்சோலை சிறு காப்பி விவசாயிகள் சங்கத்தின் தலைவர். சங்கம் என்றால் பதினொரு குடும்பங்கள், ஒரு ரப்பர் முத்திரை, ஒரு டைப்ரைட்டர், அதைத் தட்ட நான். அலுவலகம் அவர் வீட்டு முன்னறை. அந்த வருடம், தொண்ணூற்று ஐந்தில், அந்த அறையில் இருபத்தெட்டு மூட்டைக் காப்பியும் இருந்ததால் என் நாற்காலிக்கு இடமில்லை. மூட்டை மேல் உட்கார்ந்துதான் டைப் அடித்தேன். தலைவர் மூட்டை மேல்தான் தூங்கினார்.

என் பெயர் கலாவதி. அப்பா பெரியசாமி பக்கத்து எஸ்டேட்டில் ரைட்டர். எனக்கு இந்த வேலை கிடைத்ததற்கு டைப்ரைட்டிங் காரணமில்லை. ஏற்காடு நூலகத்தில் இருந்த மொழிபெயர்ப்பு நாவல்களையெல்லாம் நான் படித்து முடித்துவிட்டேன் என்று யாரோ தலைவரிடம் சொல்லியிருந்தார்கள். அதில் முக்கால்வாசி பனி பெய்கிற நாட்டுக் கதைகள். "அந்த ஊருக்காரங்க மனசு இந்தப் புள்ளைக்குத்தான் தெரியும்" என்று அவர் கூட்டத்தில் அறிவித்தார். நான் மறுக்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், அவர்கள் நிறையத் தேநீர் குடிப்பார்கள், ரயிலில் முன்பின் தெரியாதவரிடம் மனதில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவார்கள் என்பதுதான். காப்பி பற்றி ஒரு நாவலிலும் உருப்படியாக எதுவும் இல்லை.

முன்பெல்லாம் எங்கள் மலையில் விளையும் காப்பி அரசாங்கக் காப்பி வாரியத்துக்குப் போகும். அதில் பெரும்பங்கு கப்பலேறி ரஷ்யாவுக்குப் போகும் என்பார்கள். யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. பிறகு ரஷ்யா தலைமையிலான அந்தப் பெரிய கூட்டமைப்பு உடைந்தது. இங்கே வாரியமும், உங்கள் காப்பியை நீங்களே விற்றுக்கொள்ளுங்கள் என்று கையை விட்டது. சென்னைக் கம்பெனி ஒன்றின் மூலம் எங்களுக்குக் கிடைத்த வாடிக்கையாளர், அந்தக் கூட்டமைப்பிலிருந்து பிரிந்துபோன ஒரு குட்டி நாடு. வரைபடத்தில் அதன் பெயர் நாட்டுக்குள் அடங்காமல் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது.

அந்த நாட்டுப் பரிசோதனைக்கூடத்தின் அதிகாரி ஒரு அம்மாள். அவர் எழுதியிருந்தது இதுதான்: உணவுப் பொருளில் பூச்சிமருந்து எவ்வளவு மிச்சமிருக்கலாம் என்று பழைய கூட்டமைப்பு ஒரு பட்டியல் வைத்திருந்தது. நாங்கள் விலகிவிட்டதால் அந்தப் பட்டியல் இங்கே செல்லாது. எங்கள் சொந்தப் பட்டியல் அச்சில் இருக்கிறது. அது வெளிவரும்வரை, எந்த மருந்தும் எங்கள் கருவிக்குத் துளிகூடத் தென்படக் கூடாது. மாதிரிக்கு ஒரு கிலோ அனுப்பவும்.

"துளிகூடவா?" என்றார் தலைவர்.

"துளிகூட."

அவர் சட்டையைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் காப்பிச் செடிக்குப் பெரிய எதிரி தண்டுப்புழு. பட்டையைத் துளைத்து உள்ளே போய்விட்டால் செடி நின்றபடியே சாகும். அதற்குப் பி.எச்.சி. பவுடரைத் தண்ணீரில் கரைத்துத் தண்டில் துணியால் பூசுவார்கள். அந்த வருடம் சங்கமே இரண்டு மூட்டைப் பவுடர் வாங்கிப் பதினொரு குடும்பத்துக்கும் பிரித்துக் கொடுத்திருந்தது. பிரித்துக் கொடுத்தது தலைவருடைய கொழுந்தியாள் காளியாயி. மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் பூட்டுப் போட்ட அறை அவளிடம்தான் இருந்தது.

"இந்த வருசம் மருந்து நொம்ப நல்ல மருந்துங்க. ஒரு தண்டுல ஓட்டை இல்லை" என்று தலைவர் பொங்கலிலிருந்து பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். இப்போது அந்தப் பெருமையே அவருக்கு வினையாக வந்தது.

அவருடைய கலக்கத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. அடிவாரத்தில் மண்டி வைத்திருந்த தேவசிகாமணி. இருபது வருடமாக மலைக் காப்பியில் ஒரு பகுதியைக் கமுக்கமாக அவர்தான் வாங்கிக்கொண்டிருந்தார். குப்பனூரில் ஒரு கல்யாணப் பந்தலில், இலை போட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்த நேரத்தில், தலைவர் எழுந்து நின்று, "தேவசிகாமணி, இனிமே உன்ர தராசு என்ர வாசப்படி ஏறாது. என் காப்பி கப்பல்ல போவுது" என்று சொல்லிவிட்டார். பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தவர்கூட வாளியோடு நின்றுவிட்டார். தேவசிகாமணி இலையிலிருந்து தலையைத் தூக்காமல், "கப்பல் திரும்பி வந்தா மண்டிக்கு வாங்க. ஆனா இதே மாதிரி நாலு பேரு முன்னால நின்னு, தெரியாமச் சொல்லிப்போட்டேன்னு சொல்லணும்" என்றார். பிறகு அப்பளம் கேட்டார்.

அதனால் இருபத்தெட்டு மூட்டை என்பது எங்களுக்குக் காப்பி. தலைவருக்கு அது அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருப்பதற்கான வழி. அதுவும் கோடைமழை பிடிப்பதற்குள். மழை ஈரம் பட்டால் கொட்டை வெளுத்துவிடும். வெளுத்த கொட்டையைத் தேவசிகாமணி ஒருவர்தான் வாங்குவார்.

இரண்டு நாள் மூட்டை மேல் புரண்டு யோசித்துவிட்டு, மூன்றாம் நாள் காலையில் தலைவர் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "கண்ணு, சாமி வரிசைக்கு யாரும் மருந்தே வெக்கறதில்லையே?"

எனக்குப் புரிந்தது. தலைச்சோலையில் ஓடையோரமாக நாற்பது செடி எங்கள் மலைச்சாமி சேர்வராயனுக்கு விட்டது. அந்த வரிசையில் யாரும் விற்பனைக்குப் பழம் பறிக்க மாட்டார்கள். பறவையும் மரநாயும் தின்றது போக மிச்சத்தைக் காயவைத்து, வைகாசித் திருவிழாவன்று மலையேறி வருகிறவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுப்பார்கள். தலைமுறை தலைமுறையாக அதில் சொட்டு மருந்து பட்டதில்லை. சாமி செடியைச் சாமி பார்த்துக்கொள்வார் என்பது வழக்கம்.

"சாமி கொட்டையை விக்கக் கூடாதுங்களே."

"விக்கலியே! பரிட்சைக்குத்தானே அனுப்பறோம். நல்லாப் படிக்கற புள்ளைய நம்ம ஊட்டுப் புள்ளைன்னு சொல்லி எழுதவெக்கறதில்லையா, அதாட்டம்."

"அது தப்புங்க."

"தப்புத்தான். ஆனா சாமி நம்ம பக்கந்தானே?"

நான் படித்த நாவல்களில் தப்புச் செய்யப்போகிறவர்கள் நூறு பக்கம் யோசிப்பார்கள். நகரத் தெருக்களில் காய்ச்சலோடு அலைவார்கள். எங்களுக்கு அலையத் தெரு இல்லை. அன்று மத்தியான பஸ்ஸிலேயே, வெள்ளைத்துணிப் பையில் அரக்கு வைத்துத் தைத்த ஒரு கிலோ சாமி வரிசைக் கொட்டையோடு நான் சேலம் தலைமைத் தபால் நிலையத்துக்குப் போய்விட்டேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பை என் மடியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, என்னைத் திரும்பிப் பார்ப்பது போலவே இருந்தது.

பதில் மாசிக் கடைசியில் வந்தது. சங்கத்துக்காரர்கள் அத்தனை பேரும் வந்து மூட்டைகள் மேல் உட்கார்ந்துகொண்டார்கள். காளியாயி வாசலில் மாட்டுக்குப் புல் கட்டைப் போட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

நான் உறையைக் கிழித்து, ஒருமுறை மனதுக்குள் படித்தேன். பிறகு மறுபடி படித்தேன்.

"சத்தமாப் படி கண்ணு" என்றார் தலைவர்.

"உங்கள் மாதிரியில் மருந்தின் அளவைச் சொல்ல முடியவில்லை" என்று மொழிபெயர்த்தேன். எல்லார் முகமும் மலர்ந்தது. "ஏனென்றால் எங்கள் கருவி காட்டக்கூடிய அளவுக்கு மேலே அது போய்விட்டது. கருவியைக் கழுவி மறுபடி வேலைக்குக் கொண்டுவர இரண்டு நாள் ஆயிற்று. என் இருபது வருட அனுபவத்தில் இப்படி ஒரு காப்பியைப் பார்த்ததில்லை. இதைக் கையாண்ட உதவியாளர் கையுறை போட்டிருந்தார் என்பது எங்களுக்கு ஆறுதல். சரக்கை ஏற்க இயலாது."

ஒரு மூட்டை யாரோ அசைந்ததில் நரநரவென்றது.

"சாமி வரிசையிலயா?" என்றார் தலைவர். "சாமி வரிசையில மருந்தா? எப்படி?"

"எப்படின்னா? நான்தான் வெச்சேன்" என்றாள் காளியாயி வாசலிலிருந்து.

எல்லாரும் திரும்பினார்கள்.

"என்ன மாமா அப்படிப் பாக்கறே? போன வருசம் சாமி வரிசையில அஞ்சு செடி தண்டுப்புழு தின்னு பட்டுப்போச்சு. யாராச்சும் ஒரு வார்த்தை பேசுனீங்களா? உங்க செடிக்கெல்லாம் மருந்து, சாமி செடிக்கு மட்டும் ஒண்ணுமில்லை. கேட்டா, அவரு பாத்துக்குவாராம். உங்க ஊட்டுக்கு ஒரு பெரியவர் வந்தா, சோத்தை நீங்களே பாத்துப் போட்டுக்குங்கன்னு சொல்லுவீங்களா?"

"அதுக்கு?"

"அதுக்கு, வந்த பவுடரைச் சாமிக்கு வெச்சேன். தண்டுல மட்டும் பூசுனாப் போதுமா? இலை, கிளை, பழம், எல்லாத்து மேலயும் தூவுனேன். வாயில சீலையைக் கட்டிக்கிட்டு, குளிச்சிட்டு, சுத்தபத்தமாத்தான் தூவுனேன். பாக்கறதுக்குத் திருநீறு அபிசேகம் மாதிரியே இருந்துச்சு."

"எத்தனை தூவுனே?"

"ரெண்டு மூட்டையும்."

"ரெண்டு மூட்டையுமா? அப்போ எங்களுக்குப் பிரிச்சுக் குடுத்தியே, அது என்னது?"

காளியாயி முதல்முறையாகக் கொஞ்சம் தடுமாறினாள். "அது... அடுப்புச் சாம்பல். சுண்ணாம்பு கலந்தது."

தலைவர் மூட்டையிலிருந்து இறங்கினார். ஏறினார். மறுபடி இறங்கினார். "நொம்ப நல்ல மருந்துன்னு ஊரெல்லாம் சொன்னேனே, அது உன்ர அடுப்புச் சாம்பலா?"

"நல்ல மருந்துதானே மாமா? ஒரு தண்டுல ஓட்டை இருந்துச்சா?"

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்துவிட்டார்கள். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு அந்த நேரத்தில்தான் விஷயம் உறைத்தது. நான் உட்கார்ந்திருந்த மூட்டையைத் தட்டிப் பார்த்தேன்.

"ஏனுங்க தலைவரே, அப்போ இந்த இருபத்தெட்டு மூட்டையிலயும் மருந்து இல்லீங்களே. துளிகூட இல்லை."

அவர் என்னைப் பார்த்தார். மூட்டைகளைப் பார்த்தார். இரண்டு மாதமாக உலகத்திலேயே சுத்தமான காப்பியின் மேல் படுத்துக்கொண்டு, அதை ஒளித்துவைக்க வழி தேடியிருக்கிறோம்.

"எழுது கண்ணு" என்றார். "அந்தம்மாவுக்கு எழுது. இன்னொரு பரிட்சை வெக்கச் சொல்லு."

"அப்படிச் சொன்னா, முதல்ல அனுப்புனது வேற கொட்டைன்னு ஒத்துக்கணுமுங்க."

"ஒத்துக்க. அந்த ஊருக்காரங்களுக்கு ஒத்துக்கிட்டாப் புடிக்கும்னு நீதானே சொன்னே?"

அதைச் சொன்னது நான்தான். அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்து ஆங்கில அகராதியோடு நான்கு பக்கம் எழுதினேன். எந்த ரயிலிலும் யாரும் அப்படி ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள். "மதிப்புக்குரிய அம்மையீர், நாங்கள் நல்லவர்கள் அல்ல" என்று தொடங்கினேன். மலையில் மூடுபனி இறங்குவதை ஒரு பத்தி எழுதினேன். தேவசிகாமணியின் அப்பளத்தை எழுதினேன். காளியாயியின் கோபத்தை, அவள் பக்கம் இருக்கிற நியாயத்தோடு எழுதினேன். மாதிரி எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டிய இடத்தில், "அந்த நாற்பது செடிகள் எங்களுக்குச் சொந்தமல்ல. அவை சேர்வராயனுக்குச் சொந்தம். அவர் மலை உச்சியில் ஒரு குகையில் இருக்கிறார். மருந்து வைக்கும்படி அவர் யாரையும் கேட்கவில்லை. தன் காப்பியை வருடத்தில் ஒருநாள் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவிடுவார்" என்று எழுதினேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் தலைவர் தினமும் வானத்தைப் பார்த்தார். அடிவாரத்திலிருந்து வரும் பஸ் கண்டக்டர் ஒவ்வொரு நாளும், "தேவசிகாமணி அண்ணன் கேட்டாருங்க, கப்பல் எந்த வளைவுல நிக்குதுன்னு" என்று சொல்லிவிட்டுத்தான் விசில் ஊதுவார். மூட்டைகளை வெயிலில் போட்டு எடுத்தோம். சாமி வரிசையில் மிச்சமிருந்த கொட்டையைக் காளியாயியே குழி தோண்டிப் புதைத்தாள். "திருவிழாவுக்கு என் ஊட்டுக் காப்பியைக் குடுக்கறேன், போதுமா?" என்று செடிகளிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

சித்திரை இரண்டாம் வாரம் கடிதம் வந்தது.

"உங்கள் கடிதத்தை எங்கள் கூடத்தில் இரண்டு முறை சத்தமாகப் படித்தோம். திருவிழா நாளில் அந்தச் செடிகளின் காப்பியை யாரும் குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது மாதிரியைப் பரிசோதிக்க எங்கள் புதிய விதி இடம் தருகிறது."

தலைவர் கைதட்டிவிட்டார்.

"ஆனால் முதல் மாதிரி முறைப்படி திரும்பப் பெறப்பட வேண்டும். அதற்கான படிவத்தை இணைத்திருக்கிறேன். மாதிரியின் உரிமையாளரான திரு. சேர்வராயன் கீழே கையெழுத்திட வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் இடது கைப் பெருவிரல் ரேகை போதும். இரண்டு சாட்சிகள் தேவை. அடுத்த மாத முடிவுக்குள் வந்து சேர வேண்டும். திரு. சேர்வராயனுக்கு என் மரியாதையைத் தெரிவிக்கவும். குகையில் வசிப்பவருக்கு இந்தச் சிரமம் கொடுப்பதற்கு வருந்துகிறேன்."

"எழுதத் தெரியாதுன்னு அவளுக்கு யாரு சொன்னது?" என்றாள் காளியாயி.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மொழிபெயர்ப்பு நாவல்களில் இந்த மாதிரி இடங்களில் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும்: 'சேர்வராயன்: மலைமக்களின் தெய்வம்.' நான் அடிக்குறிப்புப் போட மறந்துவிட்டேன். மறுபடி எழுதி விளக்கினால் கடிதம் போய்வர ஒரு மாதம். அதற்குள் மழை வந்துவிடும்.

தலைவர் என் பேனாவை வாங்கினார். மூடியைக் கழற்றினார். கோடிட்ட இடத்தின் மேல் கையைக் கொண்டுபோனார். காளியாயி அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடு மாமா. சாமி கையெழுத்தை நீயே போடு. முதல்ல சாமி கொட்டையை உன்ர கொட்டைன்னே. இப்போ சாமி கையை உன்ர கைன்னு சொல்லு. அடுத்தது அந்தக் குகையிலயும் நீயே போய் உக்காந்துக்க."

அவர் பேனாவை மூடிவிட்டார். "வேற என்னதான் பண்ணறது புள்ளே? சொல்லு. நான் அடிவாரத்துக்குப் போய் அந்த வார்த்தையைச் சொல்லட்டுமா?"

இந்தக் கேள்வியை அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. காளியாயிக்கும் அது தெரிந்தது. புல் கட்டைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு, "சாமியையே கேப்போம்" என்றாள். "கல்யாணத்துக்குக் கேக்கறோம், கிணறு வெட்டக் கேக்கறோம். இதுக்குக் கேட்டா என்ன?"

மறுநாள் காலையில் நாங்கள் மூவரும் சேர்வராயன் கோவிலுக்கு ஏறினோம். தலைவர் வேட்டி மடிப்பில் படிவம், காளியாயி கூடையில் பூ, என் கையில் சங்கத்தின் மைப் பெட்டி. உச்சிப் புல்வெளியில் காற்று ஆளைத் தள்ளியது. தெற்கே மேகம் கறுத்துத் திரண்டு நின்றது.

பூசாரி ஐயாக்கண்ணு படிவத்தைத் தலைகீழாகப் பிடித்து நீண்ட நேரம் பார்த்தார். "நான் பூசை பண்ணறவன் அப்பா. இதென்ன ரிஜிஸ்தர் ஆபீசா?"

"நீங்க சாமிக்குப் பதிலா ரேகை வெச்சாப் போதுமுங்க" என்றேன்.

"அவரு சொன்னா வெக்கறேன். சொல்லாம வெச்சா எனக்கு விரல் இருக்காது." பூசாரி யோசித்தார். "பூ வெச்சுக் கேளுங்க. வலப்பக்கம் வுழுந்தா அவரு ஒத்துக்கிட்டாருன்னு அர்த்தம். இந்த விரலை அப்படியே மையில முக்கிடறேன். இடப்பக்கம் வுழுந்தா காயிதத்தை மடிச்சு எடுத்துக்கிட்டுப் போயிடணும். அப்புறம் இன்னொரு தடவைன்னு கேக்கக் கூடாது."

குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும். பாறைக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பூசாரி விளக்கைத் தூண்டிவிட்டு, சாமியின் இரண்டு தோளிலும் ஈரப் பூவை ஒட்டவைத்தார். காளியாயி படிவத்தைத் தட்டில் விரித்து, பறக்காமல் இருக்க அதன் மேல் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தாள். நான் மைப் பெட்டியைத் திறந்து வைத்தேன். தூரத்தில் எங்கோ அந்த அம்மாள் கையுறையைக் கழற்றிவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பது போல எனக்குத் தோன்றியது.

வெளியே முதல் இடி உருண்டது.

தலைவர் துண்டை இடுப்பில் கட்டி, சட்டையைக் கழற்றி, ஈரப் பாறையில் மண்டியிட்டார். பந்தலில் நாலு பேர் முன்னால் எழுந்து நின்ற மனிதர் அவர்தான் என்று அப்போது யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

"சாமி, உங்க கொட்டையை எங்க கொட்டைன்னு சொன்னது நான்தானுங்க. இந்தப் புள்ளை வேண்டாம்னுதான் சொல்லுச்சு. காளியாயி செஞ்சதும் உங்க மேல இருக்கற பிரியத்துல செஞ்சது. எங்க மூட்டையில மருந்து இல்லீங்க, அது உங்களுக்கே தெரியும். நாலு பேரு முன்னால போயி அந்த வார்த்தையைச் சொல்ல என்னால ஆவாதுங்க. அந்தம்மா உங்களுக்கு மரியாதை சொல்லியிருக்குது. ஏனுங்க சாமி... மழைக்கு முந்தி, அந்த வலப்பக்கத்துப் பூவை மட்டும் கொஞ்சம் வுட்டுக் குடுங்க."